எக்ஸ்டென்ஷன் ட்யூப்: எந்த லென்ஸோடு, எவ்வளவு நீளம், எதை விட்டுக்கொடுத்து

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கையில் இருப்பது கேனான் 1500டி, அதோடு வந்த 18-55, 55-250 லென்ஸ்கள். முசுறு எறும்பு, குதிக்கும் சிலந்தி, தும்பைப்பூ போன்ற சின்ன விஷயங்களை நெருங்கி எடுக்க ஆசை. மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கி எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ்) வாங்க இப்போது வசதியில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே செருகும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்று சில நூறு ரூபாய்க்கு வெறும் உலோக வளையங்களும், அதைப்போலப் பல மடங்கு விலையில் காண்டாக்ட் புள்ளிகள் (மின்தொடர்புக்கான உலோகப் புள்ளிகள்) பதித்த வளையங்களும் விற்கிறார்கள். இரண்டிலும் நடுவே கண்ணாடி கிடையாது. அப்படியிருக்க விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம், எதை வாங்குவது, படத்தின் தெளிவு கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் முக்கியமானது: ட்யூப் எந்த லென்ஸோடு சேர்ந்தால் உபயோகப்படும்? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காண்டாக்ட் உள்ளதையே வாங்குங்கள். உங்களிடம் உள்ள இரண்டு லென்ஸும் அதற்கு நல்ல ஜோடி இல்லை, 50 மி.மீ. எஃப்/1.8 ஒன்று வேண்டும், பழையதாக இருந்தாலும் போதும். கொஞ்சம் பணத்தை ஃப்ளாஷுக்கு எடுத்து வையுங்கள், ஏனென்றால் ட்யூப் மாட்டியதும் உங்களுக்கு வரப்போகும் முதல் பஞ்சம் வெளிச்சம்தான்.

ட்யூப் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். கிட்டத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்ய லென்ஸ் சென்சாரை விட்டு முன்னால் நகர வேண்டும். 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் (கேனானின் ஒருவகை ஃபோகஸ் மோட்டார்) லென்ஸில் உள்குழல் வெளியே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் அது ஏறக்குறைய 10 மி.மீ.தான் நகரும், அதற்குமேல் வழி இல்லை. அதனால் 35 செ.மீ.க்கு உள்ளே இருக்கும் எதையும் அது பிடிக்காது. அந்த எல்லையில் கிடைக்கும் உருப்பெருக்கம் 0.21. அதாவது 10 மி.மீ. எறும்பு சென்சாரில் 2.1 மி.மீ. நீளத்துக்கு விழும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு வெற்றுக் குழாயைச் செருகினால், லென்ஸால் தானாகப் போக முடியாத தூரத்தை அந்தக் குழாய் போய்க்கொடுக்கிறது. அவ்வளவே. கணக்கும் எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (50 மி.மீ. என்று லென்ஸின் பெயரில் வரும் எண்) வகுத்தால் வருவது, கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம். லென்ஸுக்கு ஏற்கெனவே உள்ளதை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

கென்கோ செட்டில் 12, 20, 36 மி.மீ. என்று மூன்று குழாய்கள் வரும். மற்ற நிறுவனங்களும் ஏறக்குறைய இதே அளவுகளைத்தான் பின்பற்றுகிறார்கள். 50 மி.மீ. லென்ஸோடு 12 மாட்டினால் 12/50 = 0.24, பழைய 0.21-உடன் சேர்ந்து 0.45. 20 மட்டும் என்றால் 0.61. 36 மட்டும் என்றால் 0.93, கிட்டத்தட்ட முழு 1:1, அதாவது பொருளின் அளவிலேயே பிம்பம். மூன்றையும் அடுக்கினால் 68 மி.மீ., உருப்பெருக்கம் 1.57. உங்கள் கேமராவின் சென்சார் 22.3 மி.மீ. அகலம் என்பதால், படத்தின் அகலத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்றும் பார்த்துவிடலாம்: ட்யூப் இல்லாமல் சுமார் 106 மி.மீ., 12-இல் 50 மி.மீ., 36-இல் 24 மி.மீ., 68-இல் 14 மி.மீ. முசுறுவின் பெரிய வேலைக்கார எறும்பு 8 முதல் 10 மி.மீ. இருக்கும். 36-இல் அது படத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வரும், 68-இல் முக்கால்வாசியை நிரப்பும். தும்பைப்பூ ஒன்றை மட்டும் எடுக்க 36, கொத்தாக எடுக்க 12. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் எந்தக் குழாயைப் பையில் இருந்து எடுப்பது என்ற குழப்பமே வராது.

இதே கணக்குத்தான் உங்கள் 55-250 ஏன் பொருந்தாது என்றும் சொல்கிறது. 68 மி.மீ. முழுவதையும் மாட்டினாலும் 68/250 = 0.27தான் கூடுகிறது. உண்மையில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும். இப்போதைய ஜூம் லென்ஸ்கள் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடிகளை நகர்த்தித் தம் குவியத் தூரத்தையே சுருக்கிக்கொள்கின்றன. 250 என்று எழுதியிருக்கும் லென்ஸ் மிக அருகில் 250 ஆக இருப்பதில்லை. எவ்வளவு சுருங்குகிறது என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும், அதனால் ஜூம்களுக்கு இந்தச் சூத்திரத்தை ஒரு தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நீளமான குழாய் அடுக்கின் முனையில் கனமான லென்ஸைத் தொங்கவிட்டு, கிடைப்பது 1:1-க்குக் குறைவு என்றால் அது நல்ல பேரமில்லை. வண்ணத்துப்பூச்சி, தட்டான் போல நெருங்கினால் பறந்துவிடுபவற்றுக்கு 55-250-இல் ஒரு 12 அல்லது 20 மாட்டுவது நல்ல யோசனை. அங்கே உங்களுக்குத் தேவை பெரிய உருப்பெருக்கம் அல்ல, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் ஃபோகஸ் ஆவதுதான்.

நீள லென்ஸில் 1:1 வேண்டுமென்றால் வழி வேறு: முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ். ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்பது 8 டயாப்டர், அதாவது 125 மி.மீ. குவியத் தூரம். கேமரா லென்ஸை முடிவிலியில், அதாவது மிகத் தூரத்துக்கான ஃபோகஸில், வைத்தால் உருப்பெருக்கம் 250/125 = 2. டிசிஆர்-150 அதைவிட மென்மையானது, சுமார் 208 மி.மீ.; அதில் 1.2 கிடைக்கும், பூச்சிக்கும் உங்களுக்கும் நடுவே 20 செ.மீ. அளவுக்கு இடமும் இருக்கும். இரண்டும் 52 முதல் 67 மி.மீ. வரையுள்ள முன்விளிம்பில் கவ்விக்கொள்ளும். உங்கள் 55-250-இன் 58 மி.மீ. அதற்குள் அடங்குகிறது. குட்டை லென்ஸுக்குக் குழாய், நெட்டை லென்ஸுக்குக் குளோஸ்-அப் கண்ணாடி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

18-55-ஐ எடுத்துக்கொள்வோம். 55-இல் வைத்து 12 மி.மீ. குழாய் மாட்டினால் 0.55 வரை வருகிறது, பூக்களுக்கு அது மோசமில்லை. ஜூமைத் திருப்பி 18-க்கு வந்தால் கதை மாறிவிடும். 12/18 = 0.67 என்று தாளில் அழகாக இருக்கும். ஆனால் அந்த நிலையில் ஃபோகஸ் விழும் இடம் லென்ஸின் முன்கண்ணாடி மேலேயோ, அதற்கும் உள்ளேயோ போய்விடுகிறது. வ்யூஃபைண்டரில் வெறும் மங்கல்தான் தெரியும், எவ்வளவு நெருங்கினாலும் ஒன்றும் கூர்மையாகாது. “ட்யூப் வேலை செய்யவில்லை” என்று திருப்பி அனுப்பப்படும் பல குழாய்கள் இந்த ஒரு காரணத்தால்தான் திரும்பிப் போகின்றன. கூடவே ஒன்று: உங்கள் லென்ஸ்கள் இரண்டும் இஎஃப்-எஸ் வகை, சிறிய சென்சார் கேமராக்களுக்கென்று செய்தவை. வெள்ளைச் சதுரக் குறி இல்லாத, சிவப்புப் புள்ளி மட்டும் உள்ள குழாயில் அவை உட்காரா. கேனானின் சொந்தக் குழாய்களிலேயே இஎஃப்12, இஎஃப்25 என்ற பழையவை இஎஃப்-எஸ்-ஐ ஏற்காது. பெயரில் “II” உள்ள பிந்தையவை ஏற்கும். பழையது வாங்குவதாக இருந்தால் இதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இப்போது காண்டாக்ட் விஷயம். குழாய்க்குள் கண்ணாடி இல்லை என்பதால் தெளிவில் இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வது, அந்த அளவில் சரி. ஆனால் கேனான் இஎஃப் லென்ஸில் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) மூடுவது ஒரு சின்ன மோட்டார், அதற்கு மின்சாரமும் உத்தரவும் கேமராவில் இருந்து வர வேண்டும். வெற்று வளையத்தில் அந்தப் பாதை அறுந்துவிடுகிறது, லென்ஸ் எஃப்/1.8-இல் திறந்தபடியே நிற்கும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). 1:1-இல் எஃப்/1.8 என்றால் ஃபோகஸில் இருக்கும் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குக்குள். எறும்பின் கண்ணில் பாதி கூர்மையாகவும் மீதி மங்கலாகவும் வரும்; அந்த லென்ஸின் திறந்த துளை மென்மையும் சேர்ந்து படம் பால்போல் வெளுத்திருக்கும். இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு: வளையம் இல்லாமல் லென்ஸை நேராக மாட்டி, எஃப்/8 வைத்து, டெப்த்-ஆஃப்-ஃபீல்டு ப்ரிவ்யூ (படம் எடுக்குமுன்பே துளையை மூடிக் காட்டும்) பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே லென்ஸைக் கழற்றினால் இதழ்கள் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். சில கேமராக்களில் அதற்குத் தனிப் பொத்தான் இருக்கும், சிலவற்றில் மெனுவில் போய் வேறொரு பொத்தானுக்கு ஒதுக்க வேண்டும். வேலை செய்யும் உபாயம்தான். ஆனால் வ்யூஃபைண்டர் எஃப்/8 இருட்டில் இருக்கும், ஒவ்வொரு முறை துளை மாற்றவும் லென்ஸைக் கழற்ற வேண்டும், வயல் வரப்பில் நின்று திறந்த சென்சாரில் தூசி விழவைப்பீர்கள். மேலும் எஸ்டிஎம் லென்ஸில் ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில்தான் நகரும். காண்டாக்ட் இல்லாமல் அதைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது.

வெற்று வளையத்துக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது: அப்பர்ச்சர் வளையம் தன் மேலேயே உள்ள பழைய மேனுவல் லென்ஸ்கள். எம்42 மரையுள்ள ஹீலியோஸ் 44-2, பென்டகான் 50 மி.மீ., அல்லது நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8டி போன்றவை ஓர் அடாப்டரோடு உங்கள் கேமராவில் உட்காரும். துளையைக் கையாலேயே திருப்பிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு லென்ஸ் சும்மா கிடந்தால் மட்டும் அந்தச் சில நூறு ரூபாய் வளையம் லாபம். இதைப் படிக்கும் நிக்கான்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே கோளாறு தலைகீழ். ஜி வகை (அப்பர்ச்சர் வளையம் இல்லாத) லென்ஸில் ஒரு நெம்புகோல் துளையைத் திறந்து பிடித்திருக்கும்; வெற்று வளையத்தில் அது விடுபட்டு லென்ஸ் தன் மிகச் சிறிய துளைக்கு மூடிக்கொள்ளும், வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். அவர்களுக்குக் காண்டாக்டும் நெம்புகோலும் இரண்டுமே உள்ள குழாய் வேண்டும். மிரர்லெஸ் கேமராக்காரர்களுக்குப் பெரும்பாலும் 10, 16 மி.மீ. என்று இரண்டு குழாய்களாக வரும், அங்கேயும் ஃபோகஸ் மின்சாரத்தில்தான். வெற்று வளையத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தெளிவு கெடுமா? குழாய் கெடுக்காது. லென்ஸில் ஏற்கெனவே உள்ள குறைகளை அது பெரிதாக்கிக் காட்டும். சாதாரண லென்ஸை வடிவமைப்பவர்கள் தூரத்துக் காட்சிக்காகத்தான் கண்ணாடிகளை ஒழுங்கு செய்கிறார்கள். மேக்ரோ லென்ஸில் கிட்டத்துக்கென்றே உள்ளே நகரும் கண்ணாடித் தொகுதிகள் இருக்கும். அதனால் 50 மி.மீ. லென்ஸில் குழாய் மாட்டித் தபால் தலையையோ ரூபாய் நோட்டையோ எடுத்தால் நடுப்பகுதி கூர்மையாகவும் மூலைகள் தொய்ந்தும் வரும், ஏனென்றால் அதன் ஃபோகஸ் தளம் கிட்டத்தில் சற்றே வளைந்துவிடுகிறது. எறும்புக்கும் சிலந்திக்கும் இது பொருட்டே இல்லை. அங்கே மூலைகள் எப்படியும் மங்கல்தான். எஃப்/5.6, எஃப்/8-க்கு மூடினால் நடுப்பகுதி மேக்ரோ லென்ஸோடு ஒப்பிட வெட்கப்பட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. மலிவான குழாய்களில் நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை: உட்சுவர் பளபளக்கிறதா என்று. பளபளத்தால் வெளிச்சம் சுவரில் பட்டுச் சிதறி படத்தின் நடுவில் வெளுத்த வட்டமாக வரும், வெயிலில் வெள்ளைப்பூ எடுக்கும்போது நன்றாகவே தெரியும். உள்ளே கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் சரியாகிவிடும், காண்டாக்ட் கம்பிகள் மேலோ லென்ஸின் பின்பக்கம் நகரும் இடத்திலோ படாமல் ஒட்ட வேண்டும்.

விட்டுக்கொடுக்க வேண்டியவை மூன்று: தூரம், வெளிச்சம், ஃபோகஸ் ஆழம். மூன்றிலும் தப்பிக்க வழியில்லை, மேக்ரோ லென்ஸிலும் கடைசி இரண்டும் அப்படியேதான்.

தூரம்: குழாய் மாட்டியதும் முடிவிலி போய்விடும். 50 மி.மீ.-இல் 12 மாட்டினால் லென்ஸில் இருந்து ஏறக்குறைய ஒரு சாண் தாண்டி எதுவும் ஃபோகஸ் ஆகாது. ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை திருப்பினாலும் உருப்பெருக்கம் 0.24 முதல் 0.45 வரைதான். 36-இல் இது 0.72-0.93, 68-இல் 1.36-1.57. நீளம் கூடக்கூட ஃபோகஸ் வளையம் உபயோகமற்றதாகிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். லென்ஸின் முன்கண்ணாடிக்கும் பூச்சிக்கும் உள்ள இடைவெளி 12-இல் சுமார் 13 செ.மீ., 36-இல் ஏழெட்டு, 68-இல் ஐந்து செ.மீ. இவை நானே லென்ஸின் உடல் நீளத்தைக் கழித்துப் போட்ட கணக்கு, ஒரு செ.மீ. முன்பின் இருக்கலாம். ஐந்து செ.மீ.-இல் முசுறு சும்மா இராது. முன்னங்கால்களை ஊன்றித் தலையைத் தூக்கி, தாடைகளை அகல விரித்து லென்ஸையே பார்த்து நிற்கும். படத்துக்கு அது அருமையான நிலை. ஆனால் கூடு உள்ள கிளையில் கையை ஊன்றிக்கொண்டு அதற்காகக் காத்திராதீர்கள்.

வெளிச்சம்: லென்ஸ் சென்சாரை விட்டு விலகினால் அதே வெளிச்சம் பெரிய பரப்பில் விரியும். நீங்கள் வைத்த எஃப் எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் உண்மையான எஃப் எண் கிடைக்கும். எஃப்/8-இல் 0.93 என்றால் அது எஃப்/15 போல வேலை செய்யும், 1.57 என்றால் எஃப்/20. கேமராவின் திரையில் எஃப்/8 என்றே இருக்கும், ஏனென்றால் நடுவே குழாய் இருப்பது அதற்குத் தெரியாது; ஆனால் மீட்டர் வந்துசேரும் வெளிச்சத்தை அளப்பதால் எக்ஸ்போஷர் சரியாகவே வரும். 36 மி.மீ. குழாயோடு, எஃப்/8, 1/200 நொடியில் உச்சி வெயிலிலேயே ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 200 வேண்டும். மர நிழலுக்குப் போனால் 1600, இலைகளுக்கு அடியில் காலை நேரம் என்றால் 6400. அந்த 1/200-உம் காற்றில் ஆடும் தும்பைச் செடிக்குப் போதாது, உங்கள் கை நடுக்கமும் இங்கே உருப்பெருக்கத்தோடு சேர்ந்து பெருகும்.

ஃபோகஸ் ஆழம்: 1:1-இல் எஃப்/8-இல் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 0.6 மி.மீ. எஃப்/11-இல் 0.8. 1.5 மடங்கில் எஃப்/8 என்றால் 0.35 மி.மீ.-க்கும் குறைவு. அரை மடங்கில் வசதியாக 1.8 மி.மீ. கிடைக்கும். இவை சாதாரண அளவில் அச்சிட்டுப் பார்க்கும்போது கூர்மையாகத் தெரிவதற்கான கணக்கு. திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு இன்னும் குறைவு. அப்படியானால் எஃப்/22 வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 1:1-இல் எஃப்/22 என்பது உண்மையில் எஃப்/44. துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி ஓரங்களில் வளைந்து சிதறி, ஃபோகஸில் உள்ள இடமும் சேர்ந்து மழுங்கிவிடும். 24 மெகாபிக்சல் சென்சாரில் இது நன்றாகவே தெரியும். 1:1-க்கு எஃப்/8 முதல் எஃப்/11, 1.5-க்கு எஃப்/5.6 முதல் எஃப்/8 என்ற எல்லைக்குள் இருங்கள். ஆழம் போதவில்லையே என்பதற்கு மேலான மருந்து, கேமராவைப் பூச்சியின் உடலுக்குப் பக்கவாட்டில் இணையாகப் பிடிப்பது. 0.8 மி.மீ. தடிமனில் எறும்பின் கண், தாடை, இடுப்பு, வயிறு எல்லாம் ஒரே தளத்தில் அடங்கிவிடும். முகத்துக்கு நேராக எடுத்தால் கண்ணும் தாடையும் மட்டும்தான். அதுவும் நல்ல படமே, கண் கூர்மையாக இருக்கும் வரை.

ஆகவே ஃப்ளாஷ். எஃப்/8-உம் ஐஎஸ்ஓ 200-உம் ஒரே சமயத்தில் வேண்டும் என்றால், கையில் பிடித்து எடுப்பவருக்கு வேறு வழி கிடையாது. 1500டி-யின் சொந்த ஃப்ளாஷ் இவ்வளவு கிட்டத்தில் லென்ஸின் நிழலைப் பூச்சி மேல் போடும், அதை நேரடியாக நம்ப முடியாது. கோடாக்ஸ் டிடி600 போன்ற மேனுவல் ஃப்ளாஷ் ஒன்றே போதும். கேமராவில் மேனுவல் மோட், 1/200, எஃப்/8, ஐஎஸ்ஓ 200. ஃப்ளாஷை 1/16 திறனில் தொடங்கி, படத்தைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். குறைந்த திறனில் ஃப்ளாஷ் ஒளி நீடிப்பது ஒரு நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான், அந்த நேரத்தில் எறும்பின் கால்கூட நகராது. ஷட்டர் வேகத்தின் வேலையை ஃப்ளாஷே செய்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: கேனான் 200டி மார்க் II-இன் ஹாட்-ஷூவில் (கேமராவின் மேல் ஃப்ளாஷைச் செருகும் இடம்) நடுப்புள்ளி இல்லை, உங்கள் 1500டி-யிலும் அது இல்லாமல் வந்தவை உண்டு, பொதுவான மேனுவல் ஃப்ளாஷ்கள் அவற்றில் ஒளிராது. எந்தக் கேமராவாக இருந்தாலும் ஃப்ளாஷ் வாங்குமுன் ஷூவின் நடுவில் அந்த வட்டப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ளாஷை வெறுமனே அடித்தால் கட்டெறும்பின் பளபளத்த முதுகில் வெள்ளை வெள்ளையாகச் சிதறும், சிலந்தியின் எட்டுக் கண்ணிலும் ஊசிமுனை மாதிரி புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகள் உண்மையில் உங்கள் விளக்கின் பிம்பம். விளக்கைப் பெரிதாக்கினால் அவையும் பெரிதாகி மென்மையாகும். பேக்கிங்கில் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளோ, டிரேசிங் பேப்பரோ போதும். ஃப்ளாஷின் வாயில் ஒரு தாள், லென்ஸின் முனைக்கு மேலாகக் கூரைபோல் வளைந்து இறங்கும் இன்னொரு தாள் என்று இரண்டு அடுக்காக வைத்தால், ஒற்றை அடுக்கைவிட ஒளி மிகவும் பரவும். இரண்டாவது தாள் பூச்சிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அடுக்குகள் ஒளியைத் தின்னும். ஃப்ளாஷ் திறனை 1/8, 1/4 வரை ஏற்ற வேண்டியிருக்கும். பின்னணி கறுத்துப்போவது அடுத்து வரும் புகார். ஃப்ளாஷ் ஒளி தூரத்தில் வேகமாகக் குறைவதால், பூச்சிக்குப் பின்னால் அரை மீட்டரில் இருக்கும் செடி இருட்டாகிவிடும். பூச்சிக்குப் பின்னால் ஐந்து முதல் பத்து செ.மீ.-இல் ஓர் இலை வருமாறு கோணத்தை மாற்றுங்கள், அல்லது உதிர்ந்த இலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இருட்டு பச்சையாகிவிடும்.

எடுக்கும் முறையில் முதலில் மறக்க வேண்டியது ஆட்டோ ஃபோகஸை. 12 மி.மீ. வரை அது ஓரளவு பிடிக்கும். 36-இல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். மேனுவலுக்கு மாற்றி, வேண்டிய உருப்பெருக்கத்தில் ஃபோகஸை வைத்துவிட்டு, அதன்பிறகு வளையத்தைத் தொடாதீர்கள். உடலை மெல்ல முன்னே சாய்த்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். பூச்சி ஒரு தண்டில் இருந்தால் இடது கையின் விரல்களால் அந்தத் தண்டைப் பிடித்து, லென்ஸை அதே கையின் மணிக்கட்டுக்கு அருகில் சாய்த்து வையுங்கள். செடி ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும், இடைவெளி மாறாது. முக்காலியைவிட இது வெளியில் அதிகம் உதவும். தரையில் இருப்பவற்றுக்கு முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். விடிந்து வெயில் ஏறுமுன் பூச்சிகள் குளிரில் மந்தமாக இருக்கும், மார்கழி, தை மாதங்களில் அது நீண்ட நேரம் நீடிக்கும். பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மந்தமாக்கி எடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள். அது செத்தும் போகலாம், கால்களை மடக்கிக் கிடக்கும் அந்தத் தோற்றமும் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அசையாதவற்றுக்குப் பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் உண்டு. 1:1-இல் எஃப்/8-இல் ஆழம் 0.6 என்றால், ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்க 0.4 மி.மீ. நகர்த்தி நகர்த்தி எடுக்க வேண்டும், 10 மி.மீ. ஆழமுள்ள பூவுக்கு 25 படம். அதற்கு முக்காலியும் ஃபோகஸ் ரெயிலும் (கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தும் சட்டம்) தேவை. சேர்க்க ஹெலிக்கான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் சில மாதங்களுக்கு இந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

எப்போது மேக்ரோ லென்ஸ் தவிர்க்க முடியாததாகும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே நடையில் வண்ணத்துப்பூச்சியையும் அதன் முட்டையையும் எடுக்க நினைத்தால் குழாய்களை மாற்றி மாற்றிச் செருகி அலுத்துவிடும். மேக்ரோ லென்ஸ் முடிவிலியில் இருந்து 1:1 வரை ஒரே திருப்பில் போகும். நாணயம், தபால் தலை, பழைய ஆவணம் போன்ற தட்டையானவை தொழிலாகவே வேண்டுமென்றாலும் அதுதான். நாளை ஒரு 100 மி.மீ. மேக்ரோ வந்தாலும் இந்தக் குழாய்கள் வீணாகா. கேனான் 100 மி.மீ. எல் மேக்ரோவின் கிட்டத் தூரம் சென்சாரில் இருந்து 30 செ.மீ.; 1:1-இல் அந்தத் தூரம் குவியத் தூரத்தின் நான்கு மடங்காக இருக்கும் என்பதால், அங்கே அதன் குவியத் தூரம் 75 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம். அப்படியானால் 36 மி.மீ. குழாய் அதை ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

குழாய் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடியும்முன் மூன்று சோதனை செய்யுங்கள். கேமராவை அணைத்து வைத்து, குழாயையும் லென்ஸையும் ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் க்ளிக் சத்தம் வருகிறதா, லேசாக ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ் இலேசானது, 160 கிராம்தான். அதற்கே மூன்று குழாய்களும் தொய்ந்தால் அந்த மவுண்ட் சரியில்லை. அடுத்து எஃப்/11, ஒரு நொடி ஷட்டர் வைத்து, லென்ஸுக்குள் முன்பக்கமாகப் பார்த்தபடி அழுத்துங்கள். இதழ்கள் மூடித் திறப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அல்லது திரையில் லென்ஸ் தொடர்புப் பிழை வந்தால், காண்டாக்ட் புள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மறுபடி பாருங்கள். ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகவும் சோதியுங்கள், மூன்றில் ஒன்று மட்டும் பழுதாக வருவது உண்டு. கடைசியாக ஒரு ஸ்டீல் ஸ்கேலை நேராக வைத்துப் படமெடுத்து, படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். 22.3-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உங்கள் லென்ஸின் உண்மையான உருப்பெருக்கம். நான் மேலே கொடுத்த எண்களை அடித்துவிட்டு அதையே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேலைச் சற்றே சாய்த்து இன்னொரு படம் எடுத்தால் எத்தனை கோடுகள் கூர்மையாக இருக்கின்றன என்பதில் ஃபோகஸ் ஆழமும் தெரிந்துவிடும்.